ஆறிலிருந்து ஏழைக் கழிக்கவும்

மாடி அறையில் மின்விசிறி போடக் கூடாது.
போட்டால் எர்ணாவூர் மனுக்கள்
காட்டுக்குப்பம் மனுக்களோடு கலந்துவிடும்.
வேர்த்து வழியத் தட்டச்சு செய்கிறேன்,
மனு ஒன்றுக்கு இரண்டு ரூபாய்,
புயல் ஓய்ந்த பதினெட்டாம் நாளிலிருந்து.

கட்டம் ஆறு: இழப்பின் மதிப்பு.
கட்டம் ஏழு: இதே இழப்புக்கு வேறெங்கும் பெற்றது.
கீழே பொடி எழுத்தில் ஒரு வரி:
ஆறிலிருந்து ஏழைக் கழிக்கவும்.

முதல் நாள் அதைச் சத்தமாகப் படித்தவன்
பக்கத்து நாற்காலி இம்ரான்.
படித்துவிட்டு ஜன்னல் வழியே வடக்கே பார்த்தான்,
கொசஸ்தலை இருக்கும் திசையில்.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
அன்று மாலைக்குள்
முந்நூற்றுப் பன்னிரண்டு கழித்திருந்தோம்.

விதியைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.
எங்கள் தெரு பாக்கியநாதன்
மூன்று கார்டில் மூன்று டோக்கன் வாங்கினார்.
புது ஃப்ரிட்ஜ் தெர்மாகோல்கூடப் பிரிக்காமல்
நடையில் நிற்கிறது, வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்
தார்ப்பாய்க்குள் இருப்பவர்களுக்குக் கார்டே இல்லை.
அவர்கள் என் கணினியில்
நனையவே இல்லை.

தேசம்மாள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
மீன் கூடையைப் படிக்குக் கீழே வைத்துவிட்டு,
நான்காய் மடித்த நோட்டீசோடு:
அதிகப்படியாகப் பெற்ற ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதைப்
பதினைந்து நாளுக்குள் திருப்பிச் செலுத்தவும்.

கோப்பைத் திறந்தேன்.
ஆறில் பதினோராயிரம்.
ஆய்வாளர் ஃப்ரிட்ஜுக்குத் தேய்மானம் போட்டிருந்தார்,
வலைக்கும், இறால் கூடைக்கும்கூட.
ஏழில்
ரேஷன் கடையில் கொடுத்தது ஐயாயிரம்,
எண்ணெய் கொட்டிய கம்பெனி கொடுத்தது மூவாயிரம்,
மாதா கோயில் அடுப்புக்கும் பாய்க்கும்
யாரோ போட்ட விலை எண்ணூற்று ஐம்பது,
பேங்க்கில் கடன் நாலாயிரம்.

அந்தக் கடனை அவள் வாங்கவே இல்லை.
கிடைக்கக்கூடியதும் கிடைத்ததாகவே கொள்ளப்படும்:
விதி ஒன்பது, உட்பிரிவு ஆ.

"மொதல்ல மானத்துத் தண்ணி வந்துச்சு, முட்டி வரிக்கும்.
வெடிகாலைல ஆத்துத் தண்ணி,
கருப்பா, எண்ணெயோட, இடுப்பு வரிக்கும்.
நீ எந்தத் தண்ணிய
எந்தத் தண்ணியில கழிச்ச?"

இரண்டும் ஒரே இழப்பு என்று
எழுதியிருக்கிறது அம்மா, என்றேன்.
கையை மேஜைமேல் விரித்து வைத்தாள்.
நகக்கண்களில் இன்னும் தார் மாதிரி ஏதோ ஒன்று.
வெகுநேரம் எடுக்கவில்லை.

"சரி, இத்த நான் கட்டிட்டேன்னு வெச்சிக்கோ.
அதுவும் எனக்கு நஷ்டந்தானே.
அத்த எந்தக் கட்டத்துல எழுதுவ?"

இம்ரான் டீ குடிக்கப் போய்விட்டான்.

அடுப்பையும் பாயையும் அழித்தேன்.
அந்த இடத்தைக் காலியாக விட்டால் ஏற்காது,
எண் கேட்டது.
பூஜ்யம் போட்டேன்.
கடனை அழிக்க எனக்கு அனுமதி இல்லை,
அதற்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன்.
"தே"யைப் பெரிதாகவும் மற்றதைப் பொடியாகவும்
கையெழுத்துப் போட்டாள்.
இன்னும் ஆயிரம் இருக்கிறது என்றேன்.
"இருக்கட்டும், எங்கயும் ஓடிடாது,"
என்று நோட்டீசை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.
கீழே கூடையைத் தூக்கிவிட ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.
நான் எழுந்து போகவில்லை.

அடுத்த கட்டில் எங்கள் வீட்டு மனு இருக்கிறது.
குவைத்திலிருந்து அண்ணன் அனுப்பிய பன்னிரண்டாயிரத்தை
அம்மா ஏழில் எழுதவில்லை.
கோடு மட்டும் போட்டிருக்கிறாள்,
ஸ்கேல் வைத்து, நேராக.

மனுவை உருவி இம்ரானின் கட்டுக்கு அடியில் வைத்தேன்.
டீ குடித்துவிட்டு வந்தவன்
எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னான்,
ஒண்ணு கூடுதலா இருக்கே.